கண்ணாடிச் சுவரில் ஓர் ஊதா வளையம்: ஆய்வகத்தில் உயிரிப்படலத்தைக் காணும் முறைகள்

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பவர்கள் அன்றாடம் பார்ப்பது கலங்கிய நீரைத்தான். சத்துநீர் நிரப்பிய குடுவையில் சிறிதளவு வளர்ப்பைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் குலுக்கியபடி வைத்திருந்தால், மாலையில் தெளிவாக இருந்த நீர் காலையில் கலங்கிப் போயிருக்கும். தனித்தனியே மிதக்கும் கோடிக்கணக்கான செல்கள்தான் அந்தக் கலக்கம். அதே வளர்ப்பைக் கண்ணாடிச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஒரு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு, நீரைக் கொட்டிக் குழாயை அலசி, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தை விட்டு மறுபடியும் நன்றாக அலசினால், நீர்மட்டம் நின்ற இடத்தில் உட்சுவரைச் சுற்றி ஓர் ஊதா வளையம் தங்கியிருப்பதைக் காணலாம். எத்தனை முறை அலசினாலும் சுவரை விடாமல் பற்றியிருக்கும் செல்களும், அவை சுரந்த பிசினும் சேர்ந்ததே அந்த வளையம். இதைத்தான் உயிரிப்படலம் என்கிறோம். ஆய்வகப் பேச்சில் பயோஃபிலிம்.

ஒரு பரப்பின் மீதோ, ஒன்றோடொன்றோ ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பிசினுக்குள் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு உயிரிப்படலம். பல நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர் விரலுக்கு வழவழவென்று தட்டுப்படுவதும், பல் துலக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவினால் ஒரு பூச்சு தெரிவதும் அதனால்தான். பல்லில் படியும் அந்தப் பூச்சை முதன்முதலில் உற்றுப் பார்த்து எழுதியவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக். தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிறப் பொருளைத் தாமே செய்த ஒற்றைவில்லை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் துள்ளித் திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வினிகரைக் கொண்டு வாய் கொப்பளித்தபோது அந்தப் பூச்சின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டும் இறந்தன, வினிகர் உள்ளே ஊடுருவவில்லை என்றும் அவர் அடுத்து எழுதினார். மருத்துவர்களை இன்றும் தொல்லைப்படுத்தும் செய்தி இது: படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்தால் அழிப்பது, மிதக்கும் பாக்டீரியாவை அழிப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

இவ்வளவு முன்பே கண்ணில் பட்டும், நுண்ணுயிரியல் நெடுங்காலம் இதை ஒதுக்கியே வைத்திருந்தது. 1880-களில் ராபர்ட் கோக் நிலைநாட்டிய தூய வளர்ப்பு முறை, கலவையிலிருந்து ஒரே ஒரு வகையைப் பிரித்தெடுத்துத் தனியே பெருக்குவதைக் கற்றுத்தந்தது. காசநோய், காலரா ஆகியவற்றின் கிருமிகள் அவ்வழியில்தான் அடையாளம் காணப்பட்டன என்பதால் அதைக் குறை சொல்ல இயலாது. ஆனால் சீராகக் கலங்கும் வளர்ப்பே நல்ல வளர்ப்பு என்ற பழக்கமும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. குடுவையின் சுவரில் ஒட்டியது கழுவித் தள்ள வேண்டிய அழுக்காகவே கருதப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆர்தர் ஹென்ரிசி கண்ணாடிச் சில்லுகளை ஏரி நீரில் மூழ்கவைத்துப் பிறகு எடுத்துப் பார்த்து, நீரில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மிதப்பவை அல்ல, மூழ்கிய பரப்புகளின் மேல் வளர்பவை என்று 1933-இல் எழுதினார். கடல்நீரைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்து ஆராய்ந்த கிளாட் ஸோபெல் 1943-இல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். என்றாலும் பில் காஸ்டர்டனும் அவருடைய தோழர்களும் 1978-இல் பாக்டீரியா எப்படி ஒட்டுகிறது என்பதை எல்லாரும் படிக்கும் வகையில் எழுதிய பின்னரே இத்துறைக்கு ஆள் சேர்ந்தது.

ஒட்டுதல் எவ்வாறு தொடங்குகிறது

ஒட்டும் நிகழ்ச்சியை மிக நுணுக்கமாக ஆராய உதவிய பாக்டீரியா சூடோமோனாஸ் ஏருஜினோசா. சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள குச்சி வடிவச் செல். ஒரு முனையில் ஒற்றைக் கசையிழையைச் சுழற்றி நீந்தும். கண்ணாடித் தகட்டின் மேல் துளி வளர்ப்பை விட்டு, நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்தால், நீந்தி வரும் செல் முதலில் ஒரு முனையால் மட்டும் கண்ணாடியைத் தொட்டு நிற்பதைக் காணலாம். நின்ற இடத்திலேயே சிறிது நேரம் சுற்றும். பல செல்கள் மனம் மாறியதுபோல விட்டுவிட்டு நீந்திப் போய்விடும். சில மட்டும் சாய்ந்து, தம் முழு நீளமும் கண்ணாடியில் படும்படி படுத்துக்கொள்ளும். முனையால் தொட்டு நிற்பது மீளக்கூடிய ஒட்டுதல், படுத்த பிறகு நிகழ்வது மீளா ஒட்டுதல் என்று பாடநூல்கள் பிரித்துச் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

இதில் எந்த உறுப்புக்கு என்ன பங்கு என்பதை ஜார்ஜ் ஓ'டூலும் ராபெர்டோ கோல்டரும் 1998-இல் எளிய முறையொன்றால் காட்டினார்கள். மரபணுக்களைத் தற்போக்கில் பழுதாக்கிய ஆயிரக்கணக்கான வகைகளைப் பிளாஸ்டிக் குழிகளில் வளர்த்து, ஊதாச் சாயமிட்டு, வளையம் தோன்றாத குழிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். கசையிழை இல்லாத வகை பரப்பை நெருங்கி ஒட்டுவதிலேயே தடுமாறியது. நான்காம் வகை பைலி என்ற நுண்ணிழைகள் இல்லாத வகையோ ஒட்டியது. ஆனால் ஒற்றை அடுக்காகப் பரவிக் கிடந்ததே தவிர, கூட்டம் சேர்ந்து திட்டுகளாகத் திரளவில்லை. அந்த இழைகளை நீட்டி, முனையைப் பரப்பில் பதித்து, பின் உள்ளிழுத்துக்கொள்வதன் மூலம்தான் ஒட்டிய செல்கள் ஊர்ந்து சென்று ஒன்றுகூடுகின்றன. ஆகவே வளையம் மங்கலாக இருக்கிறது என்ற ஒரே விளைவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம் என்பதைத் தொடக்கநிலை மாணவர் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நீந்துவதா, தங்குவதா என்ற முடிவைச் செல்லுக்குள் பெரும்பாலும் நிர்ணயிப்பது சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. ஜெருசலேமில் மோஷே பென்சிமனின் குழு, செல்லுலோஸ் நெய்யும் அசிட்டோபேக்டர் பாக்டீரியாவில் 1987-இல் இதைக் கண்டறிந்தபோது, இது இவ்வளவு பரவலானது என்று எவரும் நினைத்திருக்க முடியாது. இதன் அளவு கூடினால் பிசின் சுரப்பு கூடும், நீச்சல் குறையும். அளவு குறைந்தால் செல் மறுபடியும் கிளம்பும். சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவில் இந்த வழிமுறை பிசிறில்லாமல் தெரியவந்திருக்கிறது. அதன் புறப்பரப்பில் நங்கூரமாக நிற்பது லேப்-ஏ என்ற மிகப் பெரிய புரதம். சுற்றுப்புறத்தில் பாஸ்பேட் குறைந்ததும் உள்ளே சைக்ளிக் டை-ஜி.எம்.பி. குறைகிறது, அதுவரை கட்டிவைக்கப்பட்டிருந்த லேப்-ஜி என்ற நொதி விடுபட்டு அந்த நங்கூரத்தை அறுத்துவிடுகிறது, செல் பரப்பை விட்டுப் பிரிகிறது.

ஒட்டிய செல்கள் பெருகும்போது பிசினும் பெருகுகிறது. முதிர்ந்த படலம் ஒன்றை உலர்த்தி எடைபோட்டால், பெரும்பாலான படலங்களில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செல்கள் இருக்கும். மீதியெல்லாம் பல்சர்க்கரைகள், புரதங்கள், செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. ஆகியவை கலந்த பிசின். டி.என்.ஏ. என்றால் மரபுச் செய்தி என்றே பழகிய நமக்கு, அது இங்கே கட்டுமானப் பொருளாகவும் பயன்படுவது சற்று வியப்புத்தான். சூடோமோனாஸின் இளம் படலத்தில் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது படலம் கரைந்துபோனதையும், முதிர்ந்த படலம் அதே நொதிக்குப் பெரிதாக அசையாததையும் 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது.

குழித் தட்டு: படிப்படியாக

சோதனைக் குழாயில் செய்ததையே ஒரே நேரத்தில் பல மாதிரிகளுக்குச் செய்ய 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு பயன்படுகிறது. இரத்தக்குழாயில் செருகும் பிளாஸ்டிக் குழாய்களில் ஒட்டி நோய் தரும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்களை ஆராய, கிறிஸ்டென்சனும் குழுவினரும் 1982-இல் சோதனைக் குழாய் முறையையும் 1985-இல் தட்டு முறையையும் விவரித்தனர். செலவு குறைந்தது, ஒரே நாளில் முடிவு தருவது, கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடியது என்பதால் இன்றும் இதுவே முதல் முறையாக நிற்கிறது.

இரவு முழுவதும் வளர்த்த வளர்ப்பைப் புதிய ஊடகத்தில், அதாவது சத்துநீரில், நூறில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் விட வேண்டும். ஒரே மாதிரியை ஒரு குழியில் மட்டும் விட்டு முடிவு சொல்லக் கூடாது. நான்கு முதல் எட்டுக் குழிகளாவது வேண்டும். சில குழிகளில் பாக்டீரியா சேர்க்காத வெறும் ஊடகத்தை விட வேண்டும், ஏனெனில் பிளாஸ்டிக்கே கொஞ்சம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டின் ஓரக் குழிகள் இன்குபேட்டரின் வெப்பத்தில் விரைவாக வற்றும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் ஓர வரிசைகளில் கிருமிநீக்கிய நீரை நிரப்பிவிட்டு உள்வரிசைகளை மட்டுமே மாதிரிகளுக்குப் பயன்படுத்துவார்கள். பின்னர் தட்டை மூடி அசைக்காமல் வைக்க வேண்டும். சில பாக்டீரியாக்களுக்கு நான்கு மணி நேரமே போதும். பலவற்றுக்கு ஒரு நாள்.

நேரம் முடிந்ததும் உடனே கொட்டிவிடாமல், முதலில் 600 நானோமீட்டர் ஒளியில் கலக்கத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக வளரும் பாக்டீரியா குறைவாகத்தான் ஒட்டும். அது ஒட்டுதலின் குறையா, வளர்ச்சியின் குறையா என்பதைப் பிரித்தறிய இந்த ஓர் எண் இல்லாமல் வழியில்லை. எண்ணைக் குறித்த பிறகு தட்டைக் கவிழ்த்து உதறி, ஒரு தொட்டி நீரில் மெல்ல அமிழ்த்தி எடுத்து, மீண்டும் உதற வேண்டும். பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவினால், அந்த வேகத்திலேயே இளம் படலம் பிய்ந்துவிடும். அமிழ்த்தி எடுப்பதில் எல்லாக் குழிகளும் ஒரே அளவு அலசப்படுகின்றன.

அடுத்து 0.1 விழுக்காடு கிரிஸ்டல் வயலெட் கரைசலைக் குழிக்கு 125 மைக்ரோலிட்டர் விட்டு 10 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். வளர்ப்பு 100, சாயம் 125 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். படலம் பெரும்பாலும் வளர்ப்பின் நீர்மட்ட விளிம்பில்தான் வளையமாக இருக்கும். சாயத்தையும் அதே 100 அளவில் விட்டால் வளையத்தின் மேல்விளிம்பில் சாயம் படாமல் போகும். இந்தச் சாயம் தோலில் பட்டால் எளிதில் போகாது, உடலுக்கும் நல்லதன்று, கையுறை கட்டாயம். மூன்று நான்கு முறை அலசி, மெல்லிய தாளில் கவிழ்த்துத் தட்டி, காயவிட்ட பிறகு தட்டை ஒளிக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு அவசரப்படாமல் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, வளையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் படமும் எடுத்துக்கொள்வது என் பார்வையில் அளவீட்டைவிடப் பயனுள்ளது. உயிர்வளியை விரும்பும், நீந்தவும் தெரிந்த சூடோமோனாஸ் நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில் வளையமிடும். நீந்த இயலாத ஸ்டஃபைலோகாக்கஸ் குழியின் அடித்தரையில் படியும். இரண்டையும் கரைத்து ஒரே எண்ணாக மாற்றிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

கடைசியில் 30 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை விட்டால், பிடித்திருந்த சாயம் கரைந்து குழியெங்கும் பரவும். அதைப் புதிய தட்டுக்கு மாற்றி 550 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் ஓ.டி. எனப்படும் ஒளியடர்த்தி எண் கிடைக்கும்.

அந்த எண் சொல்வதும் சொல்லாததும்

பெல்கிரேடைச் சேர்ந்த ஸ்டெபனோவிச்சும் குழுவினரும் 2000-இல் முன்வைத்த கணக்கைப் பலரும் பின்பற்றுகிறார்கள். பாக்டீரியா இல்லாத குழிகளின் சராசரியோடு, அவற்றின் திட்டவிலக்கத்தைப் போல் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது எல்லை மதிப்பு. எடுத்துக்காட்டாக, சராசரி 0.08, திட்டவிலக்கம் 0.01 என்று கொண்டால் எல்லை 0.11 ஆகும். அதற்குக் கீழ்ப்பட்டவை படலம் அமைக்காதவை, 0.22 வரை வலுவற்றவை, 0.44 வரை நடுத்தரமானவை; அதற்கு மேல் வலுவானவை.

கணக்கு எளிது, அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் சிக்கல். கிரிஸ்டல் வயலெட் நேர்மின்னேற்றம் உள்ள சாயம். எதிர்மின்னேற்றம் உள்ள செல்பரப்பு, டி.என்.ஏ., பல்சர்க்கரை என எதில் வேண்டுமானாலும் ஒட்டும். உயிருள்ள செல், செத்த செல் என்ற பேதம் அதற்கில்லை. மருந்து கொடுத்த படலத்தில் செல்களெல்லாம் இறந்துபோயும் பிசின் அப்படியே இருந்தால் ஊதா நிறம் குறையாது. எனவே உயிரோடிருப்பவை எத்தனை என்று அறிய வேண்டுமானால், படலத்தைச் சுரண்டியோ, ஒலியலையால் உதிர்த்தோ அகர்த் தட்டில், அதாவது கூழாக உறைந்த சத்துப்பொருள் உள்ள தட்டில் பரப்பி, அதில் வளரும் பாக்டீரியாத் திட்டுகளை எண்ண வேண்டும். அல்லது உயிருள்ள செல்லின் செயலால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசூரின் போன்ற சாயத்தைப் பயன்படுத்த வேண்டும். அகர்த் தட்டு எண்ணிக்கையிலும் ஒரு குறை உண்டு: சரியாக உதிராமல் கட்டியாக விழுந்த நூறு செல்களும் ஒரே திட்டாகத்தான் வளரும்.

இதைவிடப் பெரிய தவறு, வலுவானது, வலுவற்றது என்பதை அந்தப் பாக்டீரியாவின் பிறவிக் குணமாக எழுதிவைப்பது. ஒரே ஸ்டஃபைலோகாக்கஸை வெறும் ஊடகத்திலும், குளுக்கோஸ் சேர்த்த ஊடகத்திலும் வளர்த்தால், பல வேளைகளில் இரண்டாவதில் மட்டும் தடித்த படலம் தோன்றும். திசு வளர்ப்புக்கென்று நீரை ஏற்கும்படி பதப்படுத்திய பிளாஸ்டிக்கில் ஒட்டுவது வேறு, பதப்படுத்தாத பிளாஸ்டிக்கில் ஒட்டுவது வேறு. எண்ணை எழுதும்போது ஊடகம், வெப்பநிலை, தட்டின் வகை, எத்தனை மணி நேரம் என்பவற்றையும் எழுதாவிட்டால் அந்த எண்ணால் இன்னொருவருக்குப் பயனில்லை.

மருந்தின் வலிமையை அளக்க இதே தட்டு சற்று மாற்றி அமைக்கப்பட்டது. கல்கரி பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் செரி முதலானோர் 1999-இல் வெளியிட்ட கருவியில், தட்டின் மூடியிலிருந்து 96 சிறு முளைகள் ஒவ்வொரு குழிக்குள்ளும் தொங்கும்; படலம் முளைகளில் வளரும். மூடியை அப்படியே தூக்கி வெவ்வேறு அளவு மருந்துள்ள இன்னொரு தட்டில் வைத்தால், மிதக்கும் செல்கள் பழைய தட்டிலேயே தங்கிவிட, படலம் மட்டும் மருந்துக்குள் போகிறது. மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவைப்போல் நூறு, ஆயிரம் மடங்கு மருந்துக்கும் படலம் தப்பிப்பது இத்தகைய ஒப்பீடுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. பிசின் மருந்தைத் தடுப்பது இதற்கு ஒரு பகுதிக் காரணமே. உள்ளடுக்குகளில் உணவும் உயிர்வளியும் குறைந்து செல்கள் ஏறக்குறைய உறங்குவதால், வளரும் செல்லைத் தாக்கும் மருந்துகளுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது.

சாயமில்லாமல் வெறுங்கண்ணால்

மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது எது என்று கேட்டால், பேசில்லஸ் சப்டிலிஸ் என்பேன். நோய் தராத மண்வாழ் பாக்டீரியா அது. அதன் படலத்தைப் பார்க்க நுண்ணோக்கியும் வேண்டாம், சாயமும் வேண்டாம். பொருத்தமான ஊடகத்தில் அசைக்காமல் வைத்தால், இரண்டு மூன்று நாளில் நீரின் மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த வெண்ணிற ஏடு படியும். கீழே நீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். அகர்த் தட்டில் வளர்த்தால், திட்டின் நடுவிலிருந்து மடிப்புகளும் மேடுகளும் கிளம்பும். அந்தத் திட்டின் மேல் ஒரு துளி நீரை விட்டால், அது பரவாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். படலத்தின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் பி.எஸ்.எல்.-ஏ. என்ற நீர்விலக்கும் புரதமே அதற்குக் காரணம். 80 விழுக்காடு வரை ஆல்கஹால் கலந்த நீரைக்கூட அந்தப் பரப்பு ஏற்பதில்லை என்று 2011-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். கிருமிநீக்கி தெளித்த இடத்தில் கிருமி தப்பிப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

பொருத்தமான ஊடகம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆய்வகங்களில் எங்கும் கிடைக்கும் எல்.பி. ஊடகத்தில் இந்த ஏடு சரியாக வராது. அதே எல்.பி.யில் 1 விழுக்காடு கிளிசராலும் மிகச் சிறிதளவு மாங்கனீஸும் சேர்த்தால் செழிப்பாக வரும். ஆனால் எந்த உள்வகையை, அதாவது ஒரே இனத்துக்குள் மரபில் சற்று வேறுபடும் எந்த வகையை, வளர்க்கிறோம் என்பது அதைவிட முக்கியம். உலகின் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது 168 என்ற உள்வகை. 1940-களில் யேல் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்-கதிர் செலுத்திப் பெறப்பட்ட வகைகளில் ஒன்று. மரபணு ஆய்வுக்கு எளிதாக வளைந்துகொடுத்ததால் தலைமுறை தலைமுறையாக அதையே வளர்த்தார்கள். வளர்க்கும் கைகள் வழவழப்பான, எளிதில் எடுக்கக்கூடிய திட்டுகளையே விரும்பித் தேர்ந்தெடுத்தன; சுருங்கி ஒட்டிக்கொள்ளும் இயல்பு போய்விட்டது. 2001-இல் பழைய, பழக்கப்படாத 3610 என்ற உள்வகையை எடுத்து வளர்த்தபோதுதான், இந்தப் பாக்டீரியா எவ்வளவு நுணுக்கமான படலம் கட்டும் என்பது வெளிப்பட்டது. நான்கு மரபணுக்களில் நேர்ந்த பழுதும், பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையத்திலிருந்த ஒரு மரபணுவின் இழப்புமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவற்றைச் சரிசெய்ததும் 168-உம் சுருக்கமுள்ள படலத்தைக் கட்டியது.

ஈ. கோலையிலும் இதே கதைதான். 1922-இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, உலகெங்கும் பரவிய கே-12 உள்வகையின் பல ஆய்வக வாரிசுகள் மிகச் சொற்பமாகவே ஒட்டுகின்றன. அவற்றுக்கு எஃப் பிளாஸ்மிட்டைக் கொடுத்தால் தடித்த படலம் அமைக்கின்றன. ஈ. கோலை கர்லி என்ற ஒட்டும் இழைகளைச் சுரக்கிறதா என்று பார்க்க காங்கோ ரெட் சாயம் கலந்த அகர் உதவும். இழையுள்ள திட்டு சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும். ஆய்வக உள்வகைகள் பலவும் 30 டிகிரிக்குக் கீழேதான் இந்த இழைகளைச் சுரக்கின்றன என்பதை மறந்து, பழக்கதோஷத்தில் 37 டிகிரியில் வைத்தால் திட்டு வெளுத்தே இருக்கும்.

நுண்ணோக்கியின் அடியில்

சாதாரண நுண்ணோக்கி இருந்தாலே போதும், ஒரு கண்ணாடி மூடுசில்லை வளர்ப்பில் செங்குத்தாகப் பாதி மூழ்கும்படி நிறுத்திவைத்து, மணிக்கு ஒன்றாக எடுத்து அலசிச் சாயமிட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள், பின்னர் எடுத்ததில் நான்கைந்து சேர்ந்த கூட்டங்கள், அதற்கும் பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய திட்டுகள் என்று வளர்ச்சி வரிசையாகத் தெரியும். ஆனால் படலம் தடிக்கத் தடிக்க இந்த நுண்ணோக்கியில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாகக் குழம்பிவிடும். லேசர் ஒளியால் ஒரு நேரத்தில் ஒரு தளத்தை மட்டும் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி வந்த பிறகே, 1991-இல் லாரன்ஸும் உடனிருந்தோரும் உயிருள்ள படலத்தை அடுக்கடுக்காகப் பார்த்து வெளியிட்டனர். படலம் கெட்டியான ஒற்றைப் பாளம் அல்ல, இடையிடையே நீர் ஓடும் வெளிகளைக் கொண்டது என்பது அப்போது புலனானது. மின்னணு நுண்ணோக்கி இதைவிடப் பன்மடங்கு நுணுக்கமானது. என்றாலும் அதற்காக மாதிரியை உலர்த்தும்போது, பெரும்பகுதி நீரால் ஆன பிசின் சுருங்கி நூல்நூலாகிவிடுகிறது. அந்த நூல்கள் உலர்த்தியதால் வந்தவை, படலத்தில் அப்படி இருந்தவை அல்ல.

கன்ஃபோகலில் பார்ப்பதற்குச் செல்லுக்கு ஒளிரும் புரதத்தைக் கொடுக்கலாம், அல்லது சாயமிடலாம். எல்லாச் செல்லிலும் நுழைந்து பச்சையாக ஒளிரும் சைட்டோ 9, சவ்வு சிதைந்த செல்லில் மட்டும் நுழைந்து சிவப்பாக ஒளிரும் புரொப்பிடியம் அயோடைடு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். பச்சை உயிர், சிவப்பு சாவு என்று படிப்பது எளிதுதான். ஆனால் படலத்தில் செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வும் சிவப்புச் சாயத்தைப் பிடிக்கும் என்பதால், சிவப்பாகத் தெரிவதையெல்லாம் பிணமாக எண்ணிவிடக் கூடாது.

படலத்தின் மேல் சத்துநீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்படி அமைத்த ஓட்டக்கலம் என்ற சிறு அறையில் சூடோமோனாஸை வளர்த்து, கன்ஃபோகலில் பார்த்தபோது கிடைத்தவைதான் பாடநூல்களில் புகழ்பெற்ற காளான் வடிவங்கள். ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் காளான்கள் எழும்பின. குளுக்கோஸுக்குப் பதில் சிட்ரேட் இருந்தால் அதே பாக்டீரியா தட்டையாகப் படர்ந்தது என்பதை 2003-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காளானின் தண்டு அசையாமல் பெருகிய செல்களால் ஆனது. தொப்பியோ, பைலி இழைகளால் ஊர்ந்து மேலேறிய செல்களால் ஆனது.

ஒட்டுதல், மீளா ஒட்டுதல், திட்டு, முதிர்ச்சி, கலைதல் என்ற ஐந்து கட்டப் படத்தை 2002-இல் வரைந்தவர்களில் ஒருவரான கரின் சாவரும் வேறு சிலரும் 2022-இல் அதைத் திருத்தி, திரளுதல், வளர்தல், கலைதல் என்ற மூன்று கட்டங்களாக அகலப்படுத்தினார்கள். திருத்தத்துக்குக் காரணம் நோயாளிகளின் உடலில் கண்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ளவர்களின் நுரையீரலில் சூடோமோனாஸ் பல்லாண்டு தங்கும். அவர்களுடைய சளியை எடுத்துப் பார்த்தால் காளான்களைக் காணோம், சுவரில் ஒட்டிய படலத்தையும் காணோம். தடித்த சளிக்குள், வெள்ளணுக்கள் சூழ, சில செல்கள் முதல் சுமார் 200 மைக்ரோமீட்டர் குறுக்களவு வரை உள்ள சிறு கட்டிகளாகவே பாக்டீரியா கிடக்கிறது. ஆகவே இப்போது சில ஆய்வகங்கள் கண்ணாடிச் சுவரை விட்டுவிட்டு, சளியின் வேதி அளவுகளைப் பார்த்துத் தயாரித்த செயற்கைச் சளியில், சளிக்குப் பிசுபிசுப்புத் தரும் மியூசின் என்ற புரதமும் சால்மன் மீனிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வும் கலந்து, அந்தக் குழம்புக்கு நடுவே எந்தப் பரப்பையும் தொடாமல் கட்டிகள் உருவாவதைக் கன்ஃபோகலில் படமெடுக்கின்றன. அங்கே அலசுவதற்கு எதுவும் இல்லை. அலசினால் பார்க்க வேண்டியதே போய்விடும்.